பதிலுரைப் பாடலின் பல்லவியில் இருந்து தொடங்குங்கள்: செபம், எழுத்து, பாட்டு மூன்றையும் கைவிடாமல் வாழ

பாடற்குழுவில் புதிதாகச் சேர்கிறவர்கள், அதிலும் கவிதையோ கதையோ எழுதும் ஆசை உள்ளவர்கள், என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி, ஞாயிறு பூசை, நடுவில் எழுதுவது எப்போது, செபமாலை சொல்வது எப்போது? நானும் பல வருடம் நேரத்தைக் கூறுபோட்டு அட்டவணை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிப் பார்த்தவள். இரண்டு வாரத்துக்கு மேல் ஒன்றும் தாங்கவில்லை. பாட்டு வளர்ந்தால் எழுத்து நின்றது, எழுத உட்கார்ந்தால் செபம் தள்ளிப்போனது.

பிறகுதான் ஒன்று புரிந்தது. மூன்றுக்கும் தனித்தனி அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. வரப்போகும் ஞாயிறு பூசையில் படிக்கப்போகும் விவிலிய வாசகங்கள் ஏற்கெனவே நம் கையில் இருக்கின்றன. அதை வைத்தே செபிக்கலாம், அதை வைத்தே எழுதலாம், அதையே பாடலாம். இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு விஷயத்தைத்தான் படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் செபம், அதுவும் பாடாத செபம்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியில் நான் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். எழுந்தேற்றத்தின்போது, அதாவது குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் நேரத்தில், மணி அடிக்கிறது, கோவில் முழுக்க முழங்காலில் இருக்கிறது, நான் அடுத்த பாட்டுக்குச் சுருதி மாற்றும் ட்ரான்ஸ்போஸ் எத்தனை என்று பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு யோசித்தால் அன்றைய மறையுரையில் ஒரு வரிகூட நினைவில் இல்லை. எல்லாரும் பாட்டு நன்றாக இருந்தது என்றார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

பாடுவதே செபம்தானே என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். ஆகலாம், ஆனால் தானாக ஆகிவிடாது. புனித அகுஸ்தினார் தமது ஒப்புதல்கள் நூலின் 10-ஆம் பகுதியில் இதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்: பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை அதிகம் அசைத்தால் அது தமக்குப் பாவமாகப் படுகிறது என்றும், அப்படி நேரும்போது பாட்டைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்றே தோன்றுகிறது என்றும் எழுதுகிறார். அதற்காக அவர் கோவிலில் பாட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. பாட்டின் பயனையும் ஒப்புக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் நின்று தம்மையே பார்க்கிறார். இசையில் இருக்கிற ஒவ்வொருவரும் அந்தப் பக்கத்தை ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

ஆகவே, பாட்டோ எழுத்தோ கலக்காத பத்து நிமிடம் ஒவ்வொரு நாளும் வேண்டும். எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதை நீங்களே பாருங்கள். திருச்சபையின் அன்றாட செப நூலான திருப்புகழ்மாலையில் இருந்து காலைப்புகழ் சொல்லலாம். பெரிதாக எதுவும் வேண்டாம் என்றால் மூவேளை செபம் போதும், காலை, நண்பகல், மாலை, சேர்த்துப் பார்த்தால் ஐந்தாறு நிமிடம்கூட ஆகாது, பேருந்தில் நின்றபடியே சொல்லலாம். நான் செய்வது இது: திங்கள் காலை, அடுத்த ஞாயிறின் நற்செய்தியைத் திருவிவிலியத்தில் எடுத்து ஒருமுறை மெதுவாகப் படிப்பேன், பேனா எடுக்க மாட்டேன், மெட்டு தோன்றினாலும் முணுமுணுக்க மாட்டேன். அந்த நேரம் கடவுளுக்கு மட்டும்.

இன்னொன்று, நற்கருணை வாங்கும் திருவிருந்து நேரம். பாட்டைத் தொடர வேண்டும் என்பதற்காகப் பாடற்குழுவினர் நற்கருணை வாங்காமலே இருந்துவிடுவதைப் பல பங்குகளில் பார்த்திருக்கிறேன். பாடகர்களும் வசதியாக நற்கருணை பெறும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று திருப்பலி நூலின் பொது விதிகளிலேயே, 86-ஆம் எண்ணில் இருக்கிறது. இரண்டு பேர் பாட மற்றவர்கள் போய்வரலாம், அல்லது பாட்டை முடித்துவிட்டு எல்லாரும் ஒன்றாகப் போகலாம். சிறிது நேரம் அமைதியாக இருந்தால் கோவில் ஒன்றும் குறைந்துவிடாது.

பாடற்குழுவில் சேரும்போது

பாடற்குழுப் பொறுப்பாளரிடம் நேராகப் போய்ச் சொல்லுங்கள், குரல் நன்றாக இருக்கிறதா என்று தயங்க வேண்டாம், பங்குப் பாடற்குழுவுக்குத் தேவை சனிக்கிழமை தவறாமல் வரும் ஆள்தான். முதல் மூன்று மாதம் "எனக்கு ஒரு புதுப் பாட்டு தெரியும்" என்று எதையும் கொண்டுபோகாதீர்கள். அங்கே என்ன பாடுகிறார்கள், மக்கள் எதைச் சேர்ந்து பாடுகிறார்கள், எதற்கு வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள் என்று கவனியுங்கள்.

அந்த மூன்று மாதத்தில் கற்க வேண்டியது, திருப்பலியில் எது முக்கியம் என்பது. 1967-இல் திருவழிபாட்டு இசை பற்றி வந்த உரோமை அறிவுரை இதற்கு ஒரு வரிசையே தருகிறது. குருவும் மக்களும் மாறிமாறிச் சொல்லும் பதில்கள், தூயவர் பாட்டு, இயேசு கற்பித்த செபம் போன்றவை முதல் படி. ஆண்டவரே இரக்கமாயிரும், உன்னதங்களிலே, செம்மறிப் பாடல், விசுவாச அறிக்கை, மன்றாட்டுகள் இரண்டாம் படி. வருகைப்பாடல், காணிக்கைப்பாடல், திருவிருந்துப்பாடல் எல்லாம் அதற்கும் பிறகுதான். நம் பங்குகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. காணிக்கைக்கு இரண்டு பாட்டு, திருவிருந்துக்கு மூன்று பாட்டு ஒத்திகை பார்ப்போம், தூயவர் பாட்டை மட்டும் எப்படியோ ஒப்பேற்றுவோம். புதிதாக வந்தவர் இதை மாற்ற முடியாது, ஆனால் நீங்களாவது அந்தப் பதில்களை முழு மனதோடு பாடலாம்.

சுருதி பற்றி ஒரு வார்த்தை. மக்கள் சேர்ந்து பாட வேண்டிய பாட்டில் உச்ச ஸ்வரம் கீபோர்டின் மேல் சி, மிஞ்சினால் மேல் டி, அதைத் தாண்டக் கூடாது. நம் குரலுக்கு ஐந்தரைக் கட்டைச் சுருதி அழகாக இருக்கலாம், பின்வரிசையில் நிற்கும் தாத்தாவுக்கு அது எட்டாது. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய தவக்காலத்தில் இசைக்கருவி குரலைத் தாங்கிப்பிடிக்க மட்டும்தான், பெருவிழாக்களும் விழாக்களும் தவக்கால 4-ஆம் ஞாயிறும் இதற்கு விலக்கு. அல்லேலூயாவும் கிடையாது. முதல் முறை இந்த நாற்பது நாள் வெறுமையை உணரும்போது ஏதோ தொலைந்த மாதிரி இருக்கும். அந்த உணர்வை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், உயிர்ப்பு இரவின் பாஸ்கா திருவிழிப்பில் அல்லேலூயா திரும்பி வரும்போது அதன் பொருள் தெரியும்.

பல்லவி: மூன்றும் சந்திக்கும் இடம்

முதல் வாசகத்துக்குப் பிறகு வரும் பதிலுரைப் பாடலின் மறுமொழி வரிக்கு நம் வாசக நூலில் பல்லவி என்றே பெயர் போட்டிருக்கிறது. என் வாரம் முழுக்க அந்த ஒரு வரியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பல ஊர்களில் இந்த இடத்தில் தியானப் பாடல் என்று ஏதாவது ஒரு பக்திப் பாட்டைப் பாடிவிடுகிறார்கள். அது சரியில்லை. திருப்பாடலின் இடத்தில் வேறு பாட்டு வைக்கக் கூடாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது, ஏனென்றால் அது இறைவார்த்தையின் ஒரு பகுதி, அன்றைய முதல் வாசகத்துக்கு நாம் சொல்லும் பதில். அந்த இடம் காலியாக, அல்லது வெறும் வாசிப்பாக இருக்கிறது என்றால், உங்களுக்கு அங்கே வேலை இருக்கிறது.

உதாரணத்துக்குத் திருப்பாடல் 23-ஐ எடுத்துக்கொள்வோம். "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை." செவ்வாய்க்கிழமை இந்த வரியைப் பத்து முறை வாய்விட்டுச் சொல்லுங்கள், பாடாமல். சொல்லச் சொல்ல எங்கே குரல் நீள்கிறது, எங்கே குறுகுகிறது என்று தெரியும். ஆண்டவரே என்பதில் தொடக்க ஆ-வும் கடைசி ரே-யும் நெடில், நடுவில் இரண்டு குறில் ஓடுகிறது. தாந்தனனே தந்தானா. இந்தத் தத்தகாரம், அதாவது சொல்லின் தாள வடிவம், கிடைத்துவிட்டால் பாதி மெட்டு கிடைத்த மாதிரி. புதன்கிழமை, ஐந்தே ஐந்து ஸ்வரத்துக்குள் ஒரு மெட்டுப் போடுங்கள், மோகன ராகம் இதற்கு ரொம்ப வசதி. மக்கள் ஒருமுறை கேட்டதும் திருப்பிப் பாட வேண்டும், அதுதான் அளவுகோல். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் முன் பாடுங்கள், இரண்டாவது தடவை அவர்கள் கூடச் சேரவில்லை என்றால் மெட்டு கடினம், எளிதாக்குங்கள். சொற்களை மட்டும் மாற்ற வேண்டாம், அவை நம்முடையவை அல்ல. சினிமாப் பாட்டின் மெட்டும் வேண்டாம், பாடுகிறவர் மனம் அந்தப் படத்துக்குப் போய்விடும்.

நான் இதைத் தொடங்கிய முதல் வருடம் ஐம்பத்திரண்டு ஞாயிறில் பதினைந்துக்குத்தான் மெட்டுப் போட முடிந்தது. பரவாயில்லை. வாசகங்கள் மூன்று ஆண்டு சுழற்சியில் வருகின்றன, ஒரு ஆண்டு மத்தேயு, அடுத்தது மாற்கு, அதற்கடுத்தது லூக்கா. இன்று போட்ட மெட்டு மூன்று வருடம் கழித்துத் திரும்ப வேலைக்கு வரும். நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.

எழுத்துக்கு ஒரு நோட்டு

வியாழன் இரவு எனக்கு எழுத்து நேரம். அரை மணி நேரம்தான். திங்கள் காலை படித்த அதே நற்செய்தி, செவ்வாயில் இருந்து வாயில் ஓடும் அதே பல்லவி, அதில் இருந்து ஒரு பக்கம். கவிதையாக வந்தாலும் சரி, கதையாக வந்தாலும் சரி, கடவுளிடம் சண்டை போடுவது மாதிரி வந்தாலும் சரி. திருப்பாடல்கள் நூற்றைம்பதையும் புரட்டிப் பாருங்கள், எத்தனை பாடல்கள் "ஏன் கைவிட்டீர், எதுவரைக்கும்" என்று கேட்கின்றன. அதனால் நோட்டில் நல்ல பிள்ளையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

எழுதப் பழக, நம் வீட்டிலேயே ஒரு பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறது, அது பாட்டிமார் சொல்லும் பழைய செபங்கள். மாதா பிரார்த்தனையை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தாவீது இராசாவின் உப்பரிகையே. பரலோகத்தின் வாசலே. விடியற்காலத்தின் நட்சத்திரமே. வியாதிக்காரருக்கு ஆரோக்கியமே. இரண்டு மூன்று சொல்லில் ஒரு முழு உருவகம், விளக்கம் கிடையாது, அடுத்ததுக்குப் போய்விடுகிறது. நான் கவிதையில் நீட்டி நீட்டி விளக்கிக்கொண்டிருந்ததை நிறுத்தியது இந்தச் செபத்தைக் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான்.

அடுத்தது தேம்பாவணி. 3615 பாட்டு, பயப்பட வேண்டாம், முழுசாகப் படிக்கச் சொல்லவில்லை. வீரமாமுனிவர் இத்தாலியில் இருந்து வந்தவர், தமிழை வளர்ந்த பிறகு கற்றவர், சூசையப்பரை நாயகனாக்கி வளன் என்று தமிழில் பெயரிட்டுக் காப்பியம் செய்தார். நாட்டு வளம் பாடும் பகுதியை மட்டும் எடுத்து உரையோடு படியுங்கள். யூதேயாவை அவர் வயலும் நீருமாகத் தமிழ்நாட்டுக் கண்ணால் பார்க்கிறார். ஏலாக்குறிச்சி மாதாவுக்குத் திருக்காவலூர்க் கலம்பகம் பாடியவரும் அவரே. வாசகத்தில் வரும் திராட்சைத் தோட்டத்தையும் ஆட்டு மந்தையையும் நம் ஊர்ப் பார்வையில் எழுதலாமா என்று யாராவது தயங்கினால், முந்நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் செய்து காட்டிவிட்டார் என்று சொல்வேன்.

கதை எழுதுகிறவர்கள் கேட்கும் சந்தேகம் வேறு. கத்தோலிக்கர் என்றால் புனிதர் கதைதான் எழுத வேண்டுமா, குடிகாரனையும் பொய் சொல்கிறவளையும் எழுதக் கூடாதா? தாராளமாக எழுதலாம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1999 உயிர்ப்புப் பெருவிழா நாளில் கலைஞர்களுக்கு எழுதிய மடலில், மனதின் இருண்ட ஆழங்களையும் தீமையின் முகத்தையும் கலைஞன் தொடும்போதுகூட மீட்புக்கான ஏக்கத்துக்கே ஒருவகையில் குரல் கொடுக்கிறான் என்கிறார். நம்மவரில் மாயூரம் வேதநாயகம் பிள்ளையைப் பாருங்கள். 1826-இல் பிறந்தவர், மாயூரத்தில் முன்சீப், பகலெல்லாம் வழக்குகள். அதோடு தேவமாதாவுக்கு அந்தாதி பாடினார், எந்த மதத்தவரும் பாடும்படி சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் செய்தார், 1879-இல் தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தையும் வெளியிட்டார். அந்த நாவலில் சிரிப்பும் குடும்ப வம்பும் சாகசமும் நிறைய உண்டு. பக்தி ஒரு நூலில், கதை ஒரு நூலில், இசை ஒரு நூலில், மனிதர் ஒருவர்தான். அலுவலக வேலைக்கு நடுவே எழுத முடியுமா என்று எனக்குச் சோர்வு வரும்போதெல்லாம் அவரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

சொந்தமாகப் பாட்டு எழுதத் தோன்றும்போது

தோன்றும், நிச்சயம் தோன்றும். ஒரு வருடம் பல்லவிக்கு மெட்டுப் போட்ட பிறகு எழுதினால் நல்லது, ஏனென்றால் அதற்குள் காது பழகியிருக்கும். கவனிக்க வேண்டியவை சில.

நீட்டிப் பாடும் ஸ்வரத்தில் நெடில் எழுத்து வர வேண்டும். குறிலை நீட்டினால் சொல்லே மாறிவிடும். அதைவிட முக்கியம், மெட்டு மூச்சு விடும் இடத்தில் சொல் உடையாமல் இருப்பது. "குறையில்லாதவரே" என்று நான் ஒரு பாட்டில் எழுதியிருந்தேன், தாளில் அழகாகத்தான் இருந்தது. பாடும்போது மெட்டு "குறையில்லா" என்று நின்றுவிட்டு அடுத்த அடியில் "தவரே" என்று தொடங்கியது. கோவிலில் அது "தவறே" என்று காதில் விழுந்தது. ஆண்டவரைத் தவறே என்று அழைத்த மாதிரி ஆகிவிட்டதே என்று அன்று எனக்கு உடம்பே கூசியது. இப்போது எந்தப் பாட்டையும் அதன் வரிகளைப் பார்க்காத ஒருவரிடம் பாடிக் காட்டி, கேட்டதை எழுதித் தரச் சொல்லுகிறேன். அவர் எழுதியது நான் எழுதியதோடு பொருந்தினால்தான் அடுத்த வேலை.

வரிகளின் பொருளும் திருச்சபையின் விசுவாசத்தோடு பொருந்த வேண்டும், முக்கியமாக விவிலியத்தில் இருந்தும் வழிபாட்டில் இருந்தும் எடுக்கப்பட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருவழிபாடு பற்றிய ஏட்டில் சொன்னது. இதில் தெரியாமல் தப்பு செய்வது சுலபம். மாதா பாட்டில் உணர்ச்சிவசப்பட்டு "அம்மா என் பாவத்தை மன்னியும்" என்று எழுதிவிடுவோம். மாதா பிரார்த்தனையையே கவனியுங்கள்: கடவுளிடம் "எங்கள்மேல் இரக்கமாயிரும்", மாதாவிடம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்". மன்னிக்கிறவர் யார், பரிந்து பேசுகிறவர் யார் என்ற வித்தியாசம் அந்த இரண்டு பதிலிலேயே இருக்கிறது. எழுதி முடித்ததும் பங்குத்தந்தையிடம் கொடுங்கள். "ஃபாதர், இதில் தப்பு இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டுக் கொடுங்கள், "பாட்டு எப்படி இருக்கிறது" என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் பதில் வரும். திருப்பலியில் பாட ஒப்புதல் கிடைக்காவிட்டால் அன்பியக் கூட்டத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் செபக் கூட்டத்தில், பாடலாம், நவநாளுக்கு முன்பாகப் பாடலாம், வீட்டுச் செபத்தில் பாடலாம். என் பாட்டுகளில் பெரும்பாலானவை அன்பியக் கூட்டத்தைத் தாண்டிப் போனதில்லை, அங்கே அவற்றை மனப்பாடமாகப் பாடுகிறார்கள்.

முறையாக இசை படிக்க ஆசை இருந்தால் திருச்சியில் 1977 முதல் கலைக்காவிரி என்ற கலைப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. எழுத்தை அனுப்ப "நம் வாழ்வு" போன்ற கத்தோலிக்க இதழ்கள் இருக்கின்றன. ஆனால் முதல் வருடம் எங்கும் அனுப்ப வேண்டாம் என்பது என் கருத்து.

காலங்களைப் பார்த்து நடங்கள்

எல்லா மாதமும் ஒரே மாதிரி ஓட முடியாது, அதற்காகத்தான் திருவழிபாட்டு ஆண்டே இருக்கிறது. தவக்காலம் எழுத்துக்கு ஏற்றது. வெள்ளிதோறும் சிலுவைப்பாதைக்குப் போய்வந்து, பதினான்கு நிலைகளில் இரண்டு அல்லது மூன்றுக்கு நான்கு வரி வீதம் எழுதினால் பெரிய வெள்ளிக்குள் பதினான்கும் முடிந்துவிடும். மே மாதமும் அக்டோபரும் மாதாவுக்கு, செபமாலைக்கு. அப்போது எழுத்தைக் குறைத்துச் செபத்தைக் கூட்டுவேன். பங்குத் திருவிழா என்றால் கொடியேற்றத்தில் இருந்து தேர் முடியும்வரை பத்து நாளும் பாட்டுதான், வேறு எதற்கும் இடம் இல்லை, இடம் தேடவும் வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சனி மாலை பயிற்சிக்குப் போனால் அன்றைய சமையல் யார் என்பது வெள்ளிக்கிழமையே முடிவாக வேண்டும். கோவில் வேலை என்ற பெயரில் வீட்டு வேலையை அடுத்தவர் தலையில் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

டிசம்பரில் நோட்டைத் திறக்க வேண்டாம். கேரல் சுற்று முடிந்து இரவு பதினொன்றுக்கு வீடு திரும்பும்போது தொண்டை கட்டியிருக்கும், மனம் நிறைந்திருக்கும், எழுத வராது. போன வீடுகளை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்: படுக்கையில் இருந்தபடியே கூடப் பாடிய பெரியவர், வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குப் போனில் நம் பாட்டைக் காட்டிய அம்மா, கதவைத் திறக்காமல் சன்னல் வழியாகக் கேட்ட பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஜனவரித் தொடக்கத்தில் வரும் திருக்காட்சிப் பெருவிழா முடிந்த திங்கட்கிழமை காலை, வரும் ஞாயிறின் நற்செய்தியைப் படித்துவிட்டு, அந்த வியாழன் இரவு நோட்டை எடுங்கள். அவர்கள் எல்லாரும் அங்கே காத்துக்கொண்டிருப்பார்கள்.